குழாயே இல்லாத ஊரில் குழாய் வேலை

ஆற்றுக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம் பாறை மிச்சம். கரையின் மேல் நின்றுகொண்டு ஒரு குள்ளன் அதைப் பிக்காசால் கீழ்நோக்கி வெட்டுகிறான். வெட்டி முடித்த கணத்தில் ஆறு உள்ளே இறங்குகிறது. பத்து அடுக்குக்குக் கீழே, ஊரின் சாப்பாட்டுக் கூடத்தில், புதிதாகக் கட்டிய கிணறு ஒன்று காத்திருக்கிறது. அதன் அடியில் வெட்டிவைத்த தொட்டி மளமளவென்று நிறைகிறது. இதுவரை எல்லாம் கணக்குப்படிதான். ஆனால் தொட்டி நிறைந்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. கிணற்று வாய் வழியாகப் பொங்கி, கூடத்தின் தரையில் பரவி, படிக்கட்டைப் பிடித்து இறங்கத் தொடங்குகிறது. மதகை மூட ஒரு நெம்புகோல் உண்டு. அது அதே கூடத்தில், தூணை ஒட்டி, இப்போது கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது.

'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களில் இப்படி ஓர் ஊரையாவது மூழ்கடிக்காதவர்கள் குறைவு. பெயருக்கேற்ப அது குள்ளர்களின் கோட்டை. ஐரோப்பியப் புராணக் கதைகளில் வரும் தாடிக்காரச் சுரங்கவாசிகள் ஏழு பேர் ஒரு வண்டியோடு வந்து இறங்குவார்கள். மலையைக் குடைந்து அவர்களுக்கு ஊர் கட்டித் தருவது ஆடுபவரின் பொறுப்பு. வெற்றி என்று ஒரு முடிவே கிடையாது. ஊர் எப்படியும் ஒருநாள் அழியும். "தோற்பதுதான் வேடிக்கை" என்று அதன் ரசிகர்கள் சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொள்வது வழக்கம்.

இதை உருவாக்கியவர்கள் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். 2002இல் வேலையைத் தொடங்கி, 2006 ஆகஸ்டில் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பின் நிரல் முழுவதும் டார்ன் எழுதியது. அவர் 2005இல் ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, ரசிகர்கள் அனுப்பும் நன்கொடையில் வாழ்க்கையை ஓட்டினார். படங்கள் கிடையாது. திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும்தான்: ஆங்கில 'டி' எழுத்து நாய், பெரிய 'டி' என்றால் டிராகன். இந்த லட்சணத்தோடே 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு முதன்முதலில் தேர்ந்தெடுத்த 14 வீடியோ கேம்களில் இதற்கும் இடம் கிடைத்தது. படங்களோடு கூடிய பதிப்பு ஸ்டீம் தளத்தில் வந்தது 2022 டிசம்பர் 6 அன்று. உள்ளே ஓடும் கணக்கு அதே பழைய கணக்குதான்.

அந்தக் கணக்கில் தண்ணீருக்குத் தனி இடம். 2007இல் விளையாட்டுக்கு மேல்-கீழ் என்ற மூன்றாவது பரிமாணம் வந்து சேர்ந்தது. அதுவரை தட்டையாக இருந்த உலகம் அடுக்கடுக்கானது. தண்ணீர் விழவும், நிறையவும், எதிர்பாராத இடத்தில் மேலேறவும் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இதில் பெரிய ஊர் ஒன்றைத் தண்ணீர் வசதியோடு திட்டமிட உட்காருபவர் முதலில் தேடுவது குழாயை. அது இல்லை. பட்டியலில் 'குழாய்த் துண்டு' என்று ஒரு பொருள் இருக்கிறதே என்றால், அது பம்ப் செய்ய மட்டும்தான் பயன்படும். நீட்டி இணைத்து ஊருக்குள் இழுக்க முடியாது. தண்ணீர் கொண்டுபோக ஒரே வழி பாறையைக் குடைவது. ஆள் நடக்கும் தாழ்வாரத்தையும் அதே பிக்காசால் அதே மாதிரிதான் குடைகிறார்கள். நடப்பதற்கும் ஓடுவதற்கும் விளையாட்டு வித்தியாசம் பார்ப்பதில்லை. தாழ்வாரம், படிக்கட்டு, காற்றுப்போக்கி, கிணற்றுத் துளை எல்லாமே சந்தர்ப்பம் கிடைத்தால் குழாய்கள்தான். நம் நகரங்களில் தெரு வரைபடம் ஓர் அலுவலகத்திலும் குடிநீர்க் குழாய் வரைபடம் இன்னோர் அலுவலகத்திலும் இருந்து காலம் தள்ளிவிடலாம். இங்கே இரண்டும் ஒரே தாள்.

தண்ணீர் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்துவிட்டால் மீதி புரியும்.

நிஜ நீரின் ஓட்டத்தைச் சொல்ல 19ஆம் நூற்றாண்டிலேயே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் எழுதப்பட்டுவிட்டன. முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கணினியில் தோராயமாகத் தீர்க்கலாம். ஆனால் ஓர் ஆற்றையும் நூற்றுக்கணக்கான குள்ளர்களையும் அவர்கள் வளர்க்கும் பூனைகளையும் ஒரே வீட்டுக் கணினியில் சேர்த்து ஓட்டவேண்டிய இடத்தில் அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

டார்ன் எடுத்துக்கொண்டது எளிய வழி. உலகம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீருக்கு 0 முதல் 7 வரை ஒரு முழு எண். ஏழு என்றால் கூரை வரை நிறைவு. ஏழில் நான்கை எட்டிவிட்டால் குள்ளர்கள் அந்த வழியாக நடக்க மறுப்பார்கள்; ஏழில் சிக்கினால் நீந்தத் தெரியாதவன் கதை முடிந்தது. ஏழில் ஒன்றாகத் தேங்கிக் கிடப்பது சற்று நேரத்தில் ஆவியாகிவிடும். விளையாட்டின் கடிகாரம் துடிக்கும் ஒவ்வொரு துடிப்பிலும் கட்டங்கள் தம் அண்டைக் கட்டங்களைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்கின்றன. ஜான் வான் நாய்மனும் ஸ்டானிஸ்லா உலாமும் 1940களில் சிந்தித்த 'செல்லுலார் ஆட்டோமேட்டா' என்ற கணித யோசனையின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சின்னச் சின்ன உள்ளூர் விதிகள். மொத்தத்தில் யாரும் எழுதிவைக்காத நடத்தை.

விதிகள் மூன்று. கீழே இடமிருந்தால் விழு. கீழே நிறைந்திருந்தால் பக்கத்தில் பரவு. மூன்றாவதுதான் சாப்பாட்டுக் கூடத்தை மூழ்கடித்தது: விழ வேண்டிய கட்டம் ஏற்கெனவே ஏழாக நிறைந்திருந்தால், நிறைந்த கட்டங்களின் தொடரைப் பிடித்துக்கொண்டே போ, பக்கவாட்டில் போ, கீழே போ, மறுபுறம் மேலேயும் ஏறு, விழ முயன்ற அந்தக் கட்டத்தின் மட்டத்திலோ அதற்குக் கீழோ காலியிடம் கிடைத்தால் அங்கே போய் உட்கார். நடுவில் உள்ள தண்ணீர் எதுவும் நகர்வதில்லை. இந்த முனையில் ஓர் அலகு மறைந்து அந்த முனையில் ஓர் அலகு முளைக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு மோசமில்லை. ஒரு நீண்ட ரப்பர் குழாய் முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது இந்தப் பக்கம் ஒரு டம்ளர் ஊற்றினால் அந்தப் பக்கம் ஒரு டம்ளர் வெளியே வரும். ஊற்றிய அதே தண்ணீர் வராது. அழுத்தச் செய்தி நீருக்குள் ஒலியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. ஒரு மலைக்கோட்டை அளவில் பார்த்தால் அது உடனடி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று இணைந்த பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்துக்கு வரும் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதைத்தான் இந்த மூன்றாவது விதி முழு எண்களில் எழுதிவைத்திருக்கிறது. கோடிக்கணக்கானோர் ஆடும் மைன்கிராஃப்டில் இந்த விதி இல்லை. அங்கே ஊற்றிலிருந்து ஏழு கட்டம் தள்ளி ஓடியதும் தண்ணீர் நின்றுவிடும். வளைகுழாய் வழியாக மறுபுறம் ஏறவே ஏறாது. ஆகவே அங்கே கிணறு பொங்கி யாரும் சாவதில்லை. அழுத்தம் என்ற சொல்லே தேவையில்லை.

இப்போது கூடத்துக்குத் திரும்பலாம். ஆறு பூஜ்ய அடுக்கில் ஓடுகிறது. கூடம் பத்தாவது அடுக்கில். தொட்டி பதினொன்றில். ஆற்று நீர் சுரங்கத்துக்குள் விழுந்து, வழி முழுவதும் ஏழாக நிறைந்துவிட்டால், அது மறுபுறம் எவ்வளவு உயரத்துக்கு எழும்? ஆற்று மட்டத்துக்கு ஓர் அடுக்கு கீழே வரை. அதாவது ஒன்றாவது அடுக்கு. கிணற்றின் வாய் பத்தாவது அடுக்கில் திறந்து கிடக்கிறது. தண்ணீருக்கு இன்னும் ஒன்பது அடுக்கு ஏறத் தெம்பு மிச்சம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வால்வு இல்லாமல் வெட்டிவிட்டது போன்ற நிலைமை. ஆற்றுக்கு வற்றுதல் என்பது கிடையாது என்பதால் ஒன்றாவது அடுக்கு வரை ஊர் முழுகும் வரைக்கும் அது ஓயாது.

மாற்று என்ன? ரசிகர்கள் கண்டுபிடித்த வழி இந்த விளையாட்டின் மிக அழகான ஓட்டை. மூன்றாவது விதி நேராகத்தான் தேடும், மூலைவிட்டமாகத் தேடாது. இரண்டாவது விதியான பரவல் மட்டும் மூலைவிட்டமாகவும் நடக்கும். எனவே சுரங்கத்தின் ஓரிடத்தில் இரு கட்டங்கள் மூலையால் மட்டும் தொட்டுக்கொள்ளும்படி வெட்டினால், தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் கசிந்து பரவும், அழுத்தம் மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிடும். மூலை எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்குக்கு மேல் தண்ணீர் ஏறாது. பதினொன்றாவது அடுக்கில் மூலையை வைத்தால் தொட்டி பதினொன்றோடு நிறைந்து அடங்கும். பத்தில் உள்ள கிணறு காலாகாலத்துக்கும் ஒழுங்காக இருக்கும்.

நிஜ உலகில் மூலைவிட்டத்துக்கு இப்படி எந்த மகிமையும் இல்லை. ஆனால் வேலை அதேதான். மலைச்சரிவில் உள்ள கிராமங்களுக்கு மேலே உள்ள சுனையிலிருந்து குழாய் இறக்கும்போது, நடுநடுவே திறந்த சிறு தொட்டிகள் கட்டுவார்கள். தண்ணீர் அதில் கொட்டி, காற்றழுத்தத்துக்குத் திரும்பி, மறுபடி அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பத்து மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போய், கீழ்வீட்டுக் குழாய் தெறித்துவிடும். இலங்கையின் பழைய பெருங்குளங்களில் கரைக்குள் கட்டிய 'பிசோகொட்டுவ' என்ற சதுரக் கல்கிணறும் இதே தொல்லைக்கு எழுந்த பதில். ஆழமான குளத்திலிருந்து சீறிவரும் நீரை அதற்குள் அடக்கி, கரையை அரிக்காதபடி வெளியே விட்டார்கள்.

ரோமானியர்களைப் பார்த்தால் விளையாட்டுக்காரர்களின் அதிர்ஷ்டம் தெரியும். பிரான்சில் உள்ள நீம் நகருக்கு அவர்கள் கட்டிய கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் மொத்தச் சரிவு சுமார் 12.6 மீட்டர்தான். சரிவு கொஞ்சம் பிசகினால் ஓரிடத்தில் தேங்கும், இன்னோரிடத்தில் அரிக்கும். அந்த மட்டத்தைக் காக்கத்தான் கார்டோன் ஆற்றின் மேல் கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரத்துக்கு மூன்றடுக்கு வளைவுகளாகப் பாலம் எழுப்பினார்கள். பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் வளைகுழாய் அவர்களுக்குத் தெரியாததல்ல. லியோன் நகருக்குப் போன கால்வாயில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கை ஈயக் குழாய்களால் கடந்தார்கள். ஆனால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் ஈயத்துக்கு ஆகும் செலவு பயங்கரம். குள்ளர் ஊரில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. மட்டமான சுரங்கத்திலும் தண்ணீர் ஓடும். அழுத்தத்தால் எதுவும் உடையாது. நூறு அடுக்கு ஆழத்தில் ஒரு மரக்கதவு கடலையே தடுத்து நிறுத்தும். தண்ணீரின் போக்கில் இத்தனை அக்கறை காட்டிய விளையாட்டு, பொருட்களின் வலிமையில் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, ஊர். ஆட்டம் வழக்கமாகத் தரும் நிலம் 192-க்கு 192 கட்டம். ஓர் அடுக்குக்கு 36,864 கட்டங்கள். அப்படிப் பல அடுக்குகள். மக்கள்தொகை வரம்பு, மாற்றாமல் விட்டால், 200. இருநூறு பேருக்கு இவ்வளவு இடம் எதற்கு என்றால், குள்ளர்களுக்குத் தனி அறை வேண்டும், பட்டறை வேண்டும், பிரபுக்களுக்கு அரண்மனை வேண்டும், செத்தவர்களுக்குக் கல்லறை வேண்டும். இல்லாவிட்டால் ஆவியாக வந்து தொல்லை கொடுப்பார்கள்.

பெரும்பாலோர் தரைப்படத்தில் தொடங்குகிறார்கள்: நடுவே அகலமான படிக்கட்டு, அதைச் சுற்றிச் சமச்சீராக அறைகள். பார்க்க அழகு. தண்ணீர் நோக்கில் இதைவிட மோசமான வடிவம் இல்லை. மேலிருந்து கீழ்வரை தடையின்றிப் போகும் நடுப் படிக்கட்டு, ஊரின் எல்லா அடுக்குகளையும் இணைக்கும் மிகப் பெரிய செங்குத்துக் குழாய். எந்த அடுக்கில் கசிந்தாலும் நீர் அங்கே போய் விழும். அடியில் இருக்கும் கிடங்கு முதலில் போகும், பிறகு ஒவ்வோர் அடுக்காக மேலே. அனுபவப்பட்டவர்கள் தரைப்படத்தை ஒதுக்கிவிட்டு, ஊரைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று முதலில் வரைவார்கள். ஆறு எந்த அடுக்கில், எந்த அடுக்குகள் அதற்குக் கீழே, நீர் எங்கே அழுத்தம் இழக்கவேண்டும், நெம்புகோல் எங்கே. நெம்புகோல் எப்போதும் ஆற்று மட்டத்துக்கு மேலே.

நெம்புகோலுக்கு இன்னொரு சூட்சுமம் உண்டு. இழுத்ததும் மதகு உடனே மூடாது. 100 துடிப்பு தாமதம். விளையாட்டின் ஒரு நாளுக்கு 1,200 துடிப்பு. அப்படியானால் மதகு மூட இரண்டு மணி நேரம். அதற்கு முன், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு குள்ளன் எழுந்து, ஒரு குவளை குடித்து, நடந்து வந்து இழுக்கவேண்டும். கதவும் தரைமூடியும் இந்தத் தாமதம் இல்லாமல் உடனே அடைத்துக்கொள்ளும். அவசர வால்வுக்கு விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத்தான் பொருத்துவார்கள்.

இதைவிடப் பாதுகாப்பான யோசனை, ஆற்றையும் ஊரையும் நிரந்தரமாக இணைக்காமலே இருப்பது. பத்துக்குப் பத்து அகலம், மூன்று அடுக்கு ஆழம் என்று ஒரு தொட்டி வெட்டினால் 300 கட்டம். நிறைந்தால் 2,100 அலகு தண்ணீர். மதகைத் திறந்து நிரப்பி, மூடிவிடவேண்டியது. பிறகு எங்காவது ஓட்டை விழுந்து அத்தனையும் கொட்டினாலும், ஏழில் ஒன்றாகப் பரவி 2,100 கட்டத்தை நனைத்துவிட்டுக் காய்ந்துபோகும். சேறு மிஞ்சும், ஆள் தப்பும். ஆறு நேரடியாக நுழைந்தால் அந்தக் கணக்குக்கு எல்லையே இல்லை. தொட்டி முறையை 'அடிக்கடி நிரப்பவேண்டிய தொல்லை' என்று ஒதுக்குபவர்கள்தான் பெரும்பாலும் முதல் பத்தியில் பார்த்த கதிக்கு ஆளாகிறார்கள்.

வடிகாலை நீர்வரத்துக்கு முன்பே வெட்டிவிடவேண்டும். எங்கே கொட்டுவது? நிலப்படத்தின் ஓரத்துப் பாறையில் அம்பு எய்யும் துளைகளைச் செதுக்கினால், தண்ணீர் அவற்றின் வழியாக உலகத்தை விட்டே வெளியேறிவிடும். அடியில் உள்ள இயற்கைக் குகைகளில் இறக்கலாம். மணற்கல் போன்ற பாறைகளில் நீர்த்தாங்கிகளும் உண்டு. இந்த விளையாட்டின் பாறை அடுக்குகள் நிஜப் புவியியலைப் பார்த்து எழுதப்பட்டவை. நீர்த்தாங்கி உள்ள அடுக்கில் பிக்காசு பட்டால் நாலாபக்கமும் ஊறும். ஆனால் அதே அடுக்கு, மேலிருந்து ஊற்றும் நீரை எவ்வளவு வேண்டுமானாலும் குடித்தும் விடும். ஒரே பாறையைக் கிணறாகவும் சாக்கடையாகவும் வைத்துக்கொள்ளலாம். நிஜ நீர்த்தாங்கியிடம் அந்த நம்பிக்கையை வைக்கக்கூடாது.

இவ்வளவு பாடுபட்டு ஊருக்குள் கொண்டுவரும் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? நல்ல உடம்போடு இருக்கும் யாரும் குடிப்பதில்லை. குள்ளர்கள் மதுப்பிரியர்கள், சாராயம் இருக்கும் வரை தண்ணீரைத் தொடமாட்டார்கள், சாராயம் இல்லாவிட்டால் வேலையில் சுணக்கம். தண்ணீர் தேவைப்படுவது ஆஸ்பத்திரிக்கு. காயம்பட்டுப் படுத்தவனுக்கு மற்றவர்கள் வாளியில் கொண்டுபோய்க் கொடுப்பது தண்ணீரைத்தான். புண்ணைக் கழுவவும் அதுவே, சோப்போடு. கழுவாத புண் சீழ்பிடித்துக் கொல்லும். எனவே ஊரில் ஒரே ஒரு கிணறுதான் வெட்டமுடியும் என்றால் அது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அடுத்து விவசாயம். வெறும் பாறைத்தரையில் எதுவும் முளைக்காது. ஒருமுறை நீர் பாய்ச்சி வடியவிட்டால் படியும் சேற்றில் காளான் பயிரிடலாம். அந்தக் காளானிலிருந்து மது காய்ச்சலாம். சுற்றிவளைத்துத் தண்ணீர் சாராயமாகிவிடுகிறது.

வாசலில் ஆழமற்ற ஒரு குளியல் தொட்டி வைப்பதும் வழக்கம். நடந்து வருகிறவர்களின் மேல் ஒட்டிய ரத்தமும் நச்சுத்தூசியும் அதில் கழுவப்பட்டுவிடும். உடம்பின் எந்தப் பாகத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுவரை இந்த விளையாட்டு கணக்கு வைக்கிறது. மதுக்கூடங்கள் அறிமுகமான 2015இல், ஊர்ப் பூனைகள் வாந்தியெடுத்துச் செத்துக்கொண்டிருந்தன. துருவிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: தரையில் சிந்திய மது பாதத்தில் ஒட்டியிருக்கிறது, பூனை பழக்கப்படி பாதத்தை நக்கியிருக்கிறது, போதை தலைக்கேறிவிட்டது. ஒரு நக்கலுக்கு எவ்வளவு மது என்ற எண்ணில் டார்ன் செய்த பிழையும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு நுணுக்கம் பார்க்கும் இடத்தில் ஒன்றே ஒன்று இல்லை: கழிப்பறை. குள்ளர்கள் அந்த வேலைக்குப் போவதே கிடையாது. உலகின் எல்லா நகரப் பொறியாளர்களுக்கும் பாதித் தலைவலியைத் தரும் கழிவுநீரை டார்ன் ஆடம்ஸ் ஒரே வரியில், அதாவது எழுதாத ஒரு வரியில், தீர்த்துவிட்டார்.

இதுவரை தண்ணீர் கீழே போவதைப் பற்றி. மேலே ஏற்ற வேண்டுமென்றால் திருகு பம்ப். ஆர்க்கிமிடீஸ் பெயரால் அறியப்படும் அதே திருகு. ஓர் அடுக்கு கீழிருந்து உறிஞ்சித் தன் அடுக்கில் கொட்டும். நூறு அடுக்கு ஏற்ற நூறு பம்ப், ஒன்றின் தலையில் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் 10 அலகு திறன். ஆற்றில் நிறுத்திய ஒரு நீர்ச்சக்கரம் 100 அலகு தரும், தானே 10 எடுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் 1,000 அலகுக்குப் பன்னிரண்டு சக்கரம். பல்சக்கரம், அச்சு இவற்றின் செலவு தனி. நேர்மையான, ஏறக்குறைய நிஜப் பொறியியல் கணக்கு.

நேர்மை அதோடு முடிந்தது. ஒரு பம்ப் கொட்டும் நீரைச் சக்கரத்தின் அடியில் ஓடவிட்டு, அந்தச் சக்கரத்தாலேயே பம்பைச் சுழற்றினால்? சக்கரம் தருவது 100. சக்கரத்துக்கு 10, பம்புக்கு 10. கையில் 80 மிச்சம். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து என்றென்றைக்கும் மின்சாரம் போலத் திறன் கொடுத்துக்கொண்டிருக்கும். ரசிகர்கள் இதற்கு 'குள்ளர் நீர் உலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராபர்ட் ஃப்ளட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1618இல் நீர்ச்சக்கரத்தையும் ஆர்க்கிமிடீஸ் திருகையும் இணைத்து இதே யோசனையைத்தான் எழுதினார். ஆற்றல் அழிவின்மை விதி அவரை அனுமதிக்கவில்லை. மேலேற்றிய நீர் விழும்போது தரும் ஆற்றல், அதை மேலேற்ற ஆன ஆற்றலைவிட ஒருபோதும் கூடாது. உராய்வால் குறையவே செய்யும். விளையாட்டுக்குள் நீரின் எண்ணிக்கை கணக்கில் இருக்கிறது, ஆற்றல் கணக்கில் இல்லை. ஃப்ளட் நானூறு வருடம் தாமதமாகப் பிறந்திருக்கலாம்.

அந்த உலையை வைத்து அடியாழத்திலிருந்து உருகிய பாறைக்குழம்பையும் மேலேற்றலாம். பம்புகள் இரும்பு, எஃகு போன்ற தாங்கும் பொருளில் இருக்கவேண்டும். குழம்பு தண்ணீரோடு சேர்ந்தால் எரிமலைக் கண்ணாடியாக உறைந்து வழியை அடைக்கும். நோக்கம் பட்டறை அடுப்புகள்தான். ஆனால் 2006-07 வாக்கில் பலர் ஆளுக்கோர் ஆண்டு என்று மாறிமாறி ஆண்ட 'போட்மர்டர்ட்' என்ற கோட்டையில் இந்தக் குழம்பை வெளிநிலத்தின் மேல் திறந்துவிட ஒரு நெம்புகோல் வைத்தார்கள். முற்றுகையிட்ட யானைகளும் பகைவர்களும் எரிந்தார்கள். வெளியே நின்ற சொந்த ஊர்க்காரர்களும் எரிந்தார்கள். கோட்டை கடைசியில் தன் பைத்தியத்தாலேயே அழிந்தது. இந்த விளையாட்டு பெயர் பெற்றதற்கு அந்தக் கோட்டையின் கதை முக்கியக் காரணம்.

உண்மையான பெருநகரம் கட்ட முனைபவருக்குக் கடைசித் தடை குள்ளர் உலகத்துக்கு வெளியே இருக்கிறது: அவருடைய கணினி. நகரும் ஒவ்வொரு கட்டத் தண்ணீரும் ஒவ்வொரு துடிப்பிலும் கணக்குக் கேட்கிறது. விளையாட்டின் இயல்பு வேகம் நொடிக்கு 100 துடிப்பு. மக்கள் பெருகி, நான்கைந்து அருவிகளும் ஓடத் தொடங்கினால் அது இருபது, பத்து என்று இறங்கும். பகைவர் வந்து அழிந்த ஊர்களைவிட இப்படி வேகம் செத்துக் கைவிடப்பட்ட ஊர்களைத்தான் பழம்பெரும் ஆட்டக்காரர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். எனவே நல்ல திட்டம் என்றால் நிற்கும் தண்ணீர். விளிம்புவரை ஏழாக நிறைந்த தொட்டி அமைதியாகக் கிடக்கும், கணினிக்குச் சுமையே இல்லை. ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே தளும்பும் தொட்டி ஓயாமல் கணக்கைத் தின்னும். அருவியின் சாரல் குள்ளர்களுக்கு மகிழ்ச்சி தரும் என்று விளையாட்டில் ஒரு விதி உண்டு. அந்த மகிழ்ச்சியை எத்தனை அறைகளுக்குக் கொடுப்பது என்பது கடைசியில் செயலியின் வேகத்தைப் பொறுத்த முடிவாகிவிடுகிறது.

கணினியைத் தண்ணீர் தின்கிறது என்றால், தண்ணீரையே கணினியாக்கியவர்களும் உண்டு. நீரின் ஆழம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் இயங்கும் அழுத்தத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றோடு மதகையும் பம்பையும் இணைத்தால் 'ஆம்', 'இல்லை' என்று முடிவெடுக்கும் தர்க்கச் சுற்றுகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்துக் கூட்டல் கழித்தல் செய்யும் இயந்திரங்களைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் சோவியத் பொறியாளர் விளாதிமீர் லுக்யானோவ் 1936இல் கண்ணாடிக் குழாய்களில் நீர் மட்டத்தை அளந்து வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் செய்தார். நியூசிலாந்துக்காரரான பில் ஃபிலிப்ஸ் 1949இல் ஒரு நாட்டின் வரவு செலவையே வண்ணநீராக ஓடவிட்டு லண்டனில் பொருளாதாரம் விளக்கினார். அவர்களிடம் நிஜக் குழாய்கள் இருந்தன என்பதுதான் வித்தியாசம்.

எழுத்துக்குறிகளால் ஆன பழைய பதிப்பை இன்றும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முயன்று பார்க்க நினைப்பவர்கள் ஆறு இருக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். குளிர் அதிகமில்லாத இடமாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் ஆறு உறைந்து உங்கள் தொட்டி காலியாகக் கிடக்கும். ஒரு தாளில் ஆற்றின் அடுக்கையும் கூடத்தின் அடுக்கையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். வடிகாலையும் மூலையையும் வெட்டி, மதகைப் பொருத்தி, அதன் நெம்புகோலை மேலடுக்கில் வைத்து, ஒருமுறை இழுத்துச் சோதித்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் குள்ளனைக் கரைக்கு அனுப்புங்கள்.